ஊசிக்குப் பின்னும் ஊசியாலும்



மொழி மேடையில் மருத்துவம் பேசலாமா என்று கேட்பீர்கள். நம்மை இங்கே இழுத்து வந்தது ஒரு வாக்கியம். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் கடைக்காரரிடம் சொன்னார்: “பள்ளிக்கூடத்துல ஊசி போட்டு, பிள்ளை ஒரு வருசமா எழுந்திருக்க முடியாமக் கிடக்குது.” வெங்காயத்தை நிறுத்தவாறே அவர் சொன்ன மறுமொழி: “அப்படின்னா என் பொண்ணுக்கு வேணாம்னு எழுதிக் கொடுத்துடறேன், அக்கா.” ஒரு கிலோ வெங்காயம் நிறுக்கும் நேரத்தில் ஒரு காரணம் பிறந்தது, ஒரு முடிவும் எடுக்கப்பட்டது.

அவ்வாக்கியத்தில் ‘போட்டு’ என்னும் வினையெச்சத்தைக் கவனியுங்கள். ‘குளித்துச் சாப்பிட்டான்’ என்றால் ஒன்றன்பின் ஒன்று நடந்தது என்பதே பொருள். குளித்ததால் சாப்பிட்டான் என்று யாரும் கொள்வதில்லை. ‘மழை பெய்து வாய்க்கால் நிறைந்தது’ என்றாலோ மழையே காரணம். ஒரே வடிவம் கால வரிசையையும் காரணத்தையும் சுமக்கிறது. எதனைக் கொள்வது என்பதைக் கேட்பவரின் உலகறிவு தீர்மானிக்கிறது. உலகறிவு தெளிவாக இல்லாத இடத்தில் அச்சம் தீர்மானித்துவிடுகிறது. ‘பின்’ என்று தொடங்கியது, சொல்லச் சொல்ல, ‘ஆல்’ உருபைப் பெற்று மூன்றாம் வேற்றுமையாகிவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

அந்தப் பிள்ளையின் நோய் எத்தகையது? நாம் அறியோம். ஆனால் அம்மையாரின் விவரிப்பு, நாட்பட்ட சோர்வு நோய் என்று மருத்துவர் குறிப்பதை நினைவூட்டுகிறது. இதற்குத் தமிழில் சொல் தேடும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. களைப்பு, அசதி, அயர்வு, தளர்ச்சி, சோர்வு எனப் பல சொற்கள் இருந்தும், அவை பெரும்பாலும் உறங்கி எழுந்தால் தீர்வனவற்றையே குறிக்கின்றன. இந்நோயோ உறங்கினாலும் தீராது. சிறிது நடந்தால், சிறிது படித்தால்கூட, மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் முழுதும் சரிந்துவிடும். அதுவே இதன் முதன்மை அடையாளம். ‘உடம்புக்கு முடியவில்லை’ என்னும் நம் பேச்சு வழக்கே, எந்தக் கலைச்சொல்லையும் விட, இதற்கு அருகில் நிற்கிறது என்பது நம் கருத்து. உடலெங்கும் பரவி, மாதக்கணக்கில் நீடிக்கும் வலி முன்னின்றால் அது ஃபைப்ரோமயால்ஜியா. இரண்டையும் ஒரே இரத்தச் சோதனையால் உறுதிசெய்ய இயலாது. ஆகவே ‘சோம்பல்’, ‘நடிப்பு’ என்னும் பட்டங்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. வகுப்பறையிலும் ஒட்டுகின்றன, அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, ஊசிக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டா? ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. நோய் பெரிதும் தலைகாட்டும் பருவங்களுள் ஒன்று 10 முதல் 19 வயது. பள்ளியில் ஊசி போடுவதும் அதே பருவத்தில்தான். ஊசியே இல்லாதிருந்தாலும் அவ்வயதில் சிலர் நோயுறவே செய்வர். எனவே ஊசி போட்டவரிடம், போடாதவரைக் காட்டிலும், நோய் மிகுதியாக உள்ளதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நார்வே நாட்டினர் அவ்வாறு எண்ணினர். 2009ஆம் ஆண்டுப் பன்றிக் காய்ச்சல் பரவலை ஒட்டி, நாட்டு மக்களின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். காய்ச்சல் கண்டவர்களிடம் நாட்பட்ட சோர்வு நோய் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அது கூடவில்லை.

இங்கே சற்று நிற்போம். அதே ‘பாண்டம்ரிக்ஸ்’ ஊசிக்கும், நினையாப் போதில் உறக்கத்தில் ஆழ்த்தும் நார்கோலெப்சி நோய்க்கும் தொடர்பு இருப்பது பின்லாந்து, சுவீடன் நாட்டுப் பிள்ளைகளிடம் 2010இல் வெளிப்பட்டது. அதனை யாரும் மூடி மறைக்கவில்லை. எண்ணும் முறை, தொடர்பு இருந்த இடத்தில் அதைக் காட்டியது. சோர்வு நோயில் காட்டவில்லை. அதனால்தான் அந்த ‘இல்லை’ என்னும் விடையை நாம் மதிக்கிறோம்.

ஜப்பானில் நடந்தது இன்னும் கசப்பானது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசிக்குப் பின் சில சிறுமியருக்கு வலியும் சோர்வும் ஏற்பட்டதாகச் செய்திகள் பரவ, அரசு 2013 ஜூனில் தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. ஊசி போடுவோர் தொகை ஏறத்தாழ 70 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டறிந்த ஆய்வு, ஊசியோடு தொடர்பைக் காணவில்லை. பரிந்துரை மீண்டது 2022 ஏப்ரலில். நம் சிங்கப்பூரில் இதே நோய்க்கான ஊசி 2019 முதல், பெற்றோர் ஒப்புதலுடன், உயர்நிலை ஒன்று மாணவியருக்குப் பள்ளியிலேயே போடப்படுகிறது. கடைக்காரர் எழுதிக் கொடுக்க எண்ணியது அந்த ஒப்புதல் தாளில்தான்.

ஃபைப்ரோமயால்ஜியா குறித்த சான்று மெலிந்தது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2011இல் சில தடுப்பூசிகளையும் அந்நோயையும் ஆராய்ந்து, தொடர்பை ஏற்கவோ மறுக்கவோ சான்று போதாது என்றது. ‘தொடர்பு இல்லை’ என்பதும் ‘சான்று போதாது’ என்பதும் வேறு வேறு. மொழிபெயர்க்கும் மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பலாகாது.

ஊசி எத்தீங்கும் செய்யாது என்று நாம் சொல்லவில்லை. 2021இல் கொவிட்-19 ஊசிக்குப் பின் அரிதாக இதயத் தசை அழற்சி ஏற்படுவது தெரியவந்ததும், சிங்கப்பூரில் இளையர் ஊசிக்குப் பின் ஒரு வாரம் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். பின்னர் அது இரண்டு வாரமாயிற்று. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்க்கு 225,000 வெள்ளி வரை வழங்கும் நிதி உதவித் திட்டமும் வந்தது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இது நினைவிருக்கும்.

கிருமித் தொற்றுக்குப் பின் வரும் சோர்வோ நமக்கு அயலானதன்று. சார்ஸ் பரவிய 2003இல் இங்கே 238 பேர் பாதிக்கப்பட்டனர்; 33 பேர் இறந்தனர். லிட்டில் இந்தியாவிலிருந்து தொலைவில் இல்லாத டான் டோக் செங் மருத்துவமனையே அப்போது சிகிச்சைக்குரிய இடமாக இருந்தது. ஹாங்காங்கில் உயிர் பிழைத்த 233 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, அவர்களுள் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோரிடம் நாட்பட்ட சோர்வு நோயின் அளவுகோல்கள் பொருந்தியதைக் கண்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இந்நோயுள்ள மாணவரை ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்று திடலுக்கு அனுப்பாதீர்கள். பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைப் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2021இல் தன் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது.

அந்த அம்மையாரிடம் நாம் அன்று பேசவில்லை. அது நம் குறை. பேசியிருந்தால், ‘ஊசி காரணமல்ல’ என்று தொடங்கியிருக்க மாட்டோம். பிள்ளையால் எழுந்திருக்க முடியவில்லை என்பதை நம்புகிறோம் என்று சொல்லியிருப்போம். அதற்கு முந்திய வாரங்களில் காய்ச்சல் வந்ததா, பலதுறை மருந்தகத்தில் காட்டினீர்களா, இரத்தசோகையும் தைராய்டும் சோதிக்கப்பட்டனவா என்று கேட்டிருப்போம். அவை மருந்தால் தீரக்கூடியவை. ‘ஊசிதான்’ என்று முடிவு கட்டிய வீட்டில் அச்சோதனைகளைக் கேட்க யாருக்கும் தோன்றாது.

உங்கள் கேள்விகளுக்குக் காத்திருக்கிறோம்.