கம்பெனிக் கொடையும் ஊர்ப் பணியும்



ஊரில் ஒரு நற்பணி நடைபெற வேண்டுமாயின் அதற்குப் பொருள் வேண்டும். அப்பொருள் எங்கிருந்து வரும்? என் இளமையில் இவ்வினாவுக்கு மூன்று விடைகள் இருந்தன. அரசாங்கம் தரும், செல்வர் ஒருவர் தருவார், அல்லது ஊரார் தம்முள் பிரித்துக் கொடுப்பர். இன்று நான்காவது விடையும் உண்டு. பெரிய கம்பெனிகள் தமக்கென அறக்கட்டளைகளை நிறுவி, அவற்றின் வாயிலாக ஊர்ச் சங்கங்களுக்கு மானியம் வழங்குகின்றன. உங்களுள் பலர், பள்ளியின் குடிநீர்த் தொட்டியிலோ வகுப்பறைச் சுவரிலோ ஏதேனும் ஒரு கம்பெனியின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அப்பெயர் அங்கே வந்த வரலாறு அறியத்தக்கது.

வணிகர் அறம் செய்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. ஜாம்ஷெட்ஜி டாட்டா, மேற்படிப்புக்கென 1892ஆம் ஆண்டிலேயே நிதி ஒன்றை ஏற்படுத்தினார். அது விரும்பிச் செய்த அறம். ஆனால் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், தனது 135ஆம் பிரிவினால், அவ்விருப்பத்தைக் கடமையாக்கிற்று. 2014 ஏப்ரல் முதல் நாளன்று அப்பிரிவு நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், ஆண்டு விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி என்னும் இம்மூன்று அளவுகளுள் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கேனும் சமூகப் பணிக்குச் செலவிடல் வேண்டும். ஒரு கம்பெனி மூன்றாண்டுகளில் முறையே 8, 10, 12 கோடி ரூபாய் இலாபம் ஈட்டியதாகக் கொள்க. சராசரி 10 கோடி; சமூகப் பணிக்குரிய பங்கு 20 இலட்சம். கணக்கு எளிதே. அந்த 20 இலட்சமும் எந்த ஊருக்கு, எந்தப் பணிக்குச் சென்று சேர்கின்றது என்பதே அரிய கணக்கு.

எதற்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை கூறுகின்றது. பசி நீக்கல், கல்வி, உடல்நலம், சுற்றுச்சூழல், ஊரக வளர்ச்சி எனப் பட்டியல் நீளும். கட்சிகளுக்குக் கொடுத்தது கணக்கில் சேராது. தன் தொழிலாளர்க்கு மட்டும் நன்மை தருவதும் சேராது. வேறு சட்டங்களின்படி ஏற்கெனவே செய்தாக வேண்டியதைச் செய்துவிட்டு, அதையும் கொடையென்று எழுதிக்கொள்ளுதல் ஆகாது. இக்கடைசி விதியை நினைவில் வையுங்கள். ஓர் ஆலை தன் கழிவுநீரைத் தூய்மை செய்வது அதன் கடன். அது ஊருக்கு அளித்த பரிசன்று.

கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கின்றது. கேட்பதற்கு இது மிக நியாயமாகவே படும். ஆயினும், தொழிற்சாலைகள் செறிந்த மாவட்டத்துப் பள்ளிக்கு இரண்டு கம்பெனிகள் போட்டியிட்டு மேசை நாற்காலி தருகையில், வானம் பார்த்த பூமியில் இருக்கும் பள்ளியை எட்டிப் பார்ப்பார் இரார். ஓய்வு பெறும்வரை இத்தகைய இருவகைப் பள்ளிகளிலும் பணியாற்றியவன் என்ற முறையில், இவ்வேறுபாட்டை நான் கண்ணாரக் கண்டிருக்கின்றேன்.

கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போன பின்னர் அப்பணி என்னாகின்றது? நான் வலியுறுத்த விரும்புவது இவ்வினாவைத்தான். இதனைத் தெளிவாக எண்ணிப் பார்த்த ஒருவர் அமெரிக்க நாட்டு எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி. ஸ்காத்லாந்தில் நெசவாளர் மகனாய்ப் பிறந்து, 1848இல் அமெரிக்கா சென்று, பெருஞ்செல்வராய் உயர்ந்தவர். அவரும், 1911இல் அவர் நிறுவிய அறநிறுவனமும் வழங்கிய பொருளால், உலகில் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. பெரும்பாலான ஊர்களுக்கு அவர் விதித்த நிபந்தனை இது: மனையை ஊரார் தரவேண்டும், கட்டடத்துக்குக் கொடுத்த தொகையில் பத்திலொரு பங்கினை ஆண்டுதோறும் ஊராட்சி தன் வரிப்பணத்திலிருந்து நூலகத்திற்கு ஒதுக்க வேண்டும். 10,000 டாலர் பெற்ற ஊர் ஆண்டுக்கு 1,000 டாலர் ஒதுக்கும். கட்டடம் அவருடையது, அதன் உயிர் ஊராருடையது. நம் மாநிலத்தில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நூலக வரியை ஏற்படுத்தியதும் இத்தகைய நிலைத்த வருவாயை எண்ணியே.

இதே கார்னெகியின் ஆலை இருந்த ஹோம்ஸ்டெட் என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டு, கூலிப் பிணக்கின் விளைவாகத் தொழிலாளர்க்கும் கம்பெனி அமர்த்திய காவலர்க்கும் மோதல் மூண்டு உயிர்கள் பலியாயின. ஆறாண்டு கழித்து அங்கும் அவர் கொடையால் நூலகம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன் நிற்பவனுக்கு நூல் படிக்கப் பொழுது ஏது என்று தொழிலாளர் சிலர் குறைப்பட்டனர். அவர்கள் கேட்டது முறையான கேள்வி என்பதே என் கருத்து. நூலகமும் நல்லதுதான். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நம் நாட்டு எடுத்துக்காட்டுக்கு வருவோம். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் தத்தம் பள்ளிக்குப் பலகையும் மணியும் மனையும் கட்டடமும் கொடுத்தனர். நான் படித்த தொடக்கப் பள்ளியின் நீண்ட பலகைகள் அவ்வாறு வந்தவையே. அவற்றில் ஒன்று ஆடினால், கொடுத்தவர் வீட்டிலிருந்தே ஆணியும் சுத்தியலும் வரும். கம்பெனியின் அறக்கட்டளைக்கு இந்த வசதி இல்லை. அதன் அலுவலகம் தொலைவில் உள்ளது. அதன் திட்டத்துக்கு முடிவு நாளும் உண்டு. தொடர் பணி என்று எடுத்துக்கொண்டதற்கும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டே எல்லை என்று விதிகள் வரையறுக்கின்றன.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில், ஓர் அறக்கட்டளை மாலைப் படிப்பகம் ஒன்றினுக்குப் பத்துக் கணிப்பொறிகள் வழங்கிற்று. மூன்றாண்டு முடிந்தது. ஆசிரியைக்கு ஊதியம் நின்றது. பொறிகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன, பழஞ்சேலையால் மூடப்பட்டு. அறைக்குப் பூட்டு. பெயர்ப்பலகை மட்டும் பளபளப்பாக உள்ளது.

எங்கள் ஊரிலும் மாலைப் படிப்பகம் உண்டு. நாற்பது பிள்ளைகள், பட்டம் பெற்ற உள்ளூர்ப் பெண்கள் இருவர் ஆசிரியைகள். பதிவு பெற்ற சங்கமாதலாலும், மூன்றாண்டுக்கு மேல் பணி செய்திருந்தமையாலும் நாங்கள் மானியம் கேட்கத் தகுதியுடையோம். வருமானவரித் துறையின் சான்றுகளும், 2021 முதல் கட்டாயமாகிவிட்ட மைய அரசுப் பதிவும் பெற்றோம். இவற்றுக்காக அலைந்த அலைச்சலைக் கூறினால் நேரம் போதாது.

பார்வையிட வந்த அறக்கட்டளை அலுவலர் ஓர் இளம்பெண். கணிப்பொறி வேண்டுமா என்று கேட்டார். ஆசிரியைகளின் ஊதியம் வேண்டும் என்றோம். ஊதியத்தை நிருவாகச் செலவு என்று கருதித் தயங்குவோர் உளர், அது பிழை. விதிகள் நூற்றுக்கு ஐந்து என்று எல்லை கட்டுவது கம்பெனி தன் சமூகப் பணிகளை மேற்பார்க்கச் செய்யும் பொதுச் செலவுக்கே. படிப்பகத்தில் பாடம் நடத்துபவரின் ஊதியம் பணியின் செலவேயாகும்.

பின்னர் அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். தை மாதத்தில் வருகை பாதியாகக் குறைந்திருந்தது. அறுவடைக் காலம், பெரிய பிள்ளைகள் வயலுக்குப் போய்விட்டனர் என்று விளக்கினோம். எல்லா மாதமும் முழு வருகை காட்டும் ஏடுகளையே தாம் மிகுதியும் காண்பதாகவும், குறைவை மறைக்காத ஏட்டை நம்புவதாகவும் அவர் கூறினார். அவ்வேட்டை எழுதியவள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மாணவி.

புறப்படுமுன் அவர் கேட்டார்: "மூன்றாண்டுக்குப் பிறகு ஊதியம் தருபவர் யார் ஐயா?"

அன்றிரவு சங்கத்தார் கூடி ஓர் ஏற்பாடு செய்தோம். இரு ஆசிரியைகளுக்கும் சேர்த்து ஆண்டு ஊதியம் 1,44,000 ரூபாய். முதலாண்டு முழுவதையும் அறக்கட்டளை தருவது, இரண்டாமாண்டு 96,000, மூன்றாமாண்டு 48,000. குறையும் தொகையை ஊர் ஏற்பது. ஏற்பதற்கு முன் நெடுநேர வாக்குவாதம் நடந்தது. வலிய வரும் பணத்தை நாமே குறைத்துக் கேட்பதா என்று நண்பர் ஒருவர் சினந்து எழுந்து போனார். மறுநாள் காலை தாமே வந்து கையொப்பமிட்டார்.

இப்பொழுது மூன்றாமாண்டு நடக்கின்றது. ஊர் தரவேண்டியது 96,000. பிள்ளை ஒன்றுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் பெற்றோர் தருவது 24,000. மாவு அரைவை ஆலைக்காரர் 12,000. திருப்பூரில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் அனுப்பியது 40,000. ஆக 76,000, இன்னும் 20,000 வேண்டும். வரும் ஆண்டில் முழுத் தொகையும் ஊரின் பொறுப்பு. இதே வரவு நீடித்தாலும் 68,000 ரூபாய் துண்டு விழும். ஆசிரியைகளுள் ஒருவரை நிறுத்திவிடலாம் என்றொரு பேச்சு எழுந்தது. ஒருவர் நாற்பது பேரைப் பார்ப்பதாயின், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளையே முதலில் நின்றுவிடும். ஆகையால் நான் இசையவில்லை.

இந்தக் கணக்கு முழுவதையும், குறை உட்பட, பெரிய தாளில் எழுதிப் படிப்பகத்து வாயிலில் ஒட்டியிருக்கின்றோம். நெல் விற்ற கையோடு ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கலாமா என உழவர் சிலர் கேட்டுள்ளனர். வரும் ஞாயிறன்று அதைப் பேசக் கூடுகின்றோம்.