வீட்டு வரியும் ஊர்ப் பள்ளியும்



தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. பள்ளிக்கூடத்துக்கு யார் செலவிடுவது, எவ்வளவு செலவிடுவது என்று பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணினேன். ஒரு மாநகராட்சியோ ஊராட்சியோ தன் மக்களிடம் கூடுதலாக வரி வாங்கி, அதைப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் நூலகத்துக்கும் கழிப்பறைக்கும் போட்டால், போட்ட பணத்துக்குப் பலன் உண்டா?

2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டபோது இந்தக் கேள்வி வீட்டு வாசல்வரை வந்தது. சென்னையின் பழைய மாநகராட்சி எல்லைக்குள் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு, 1800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடு உயர்வு. அங்கே அதற்கு முன், 1998க்குப் பிறகு நிலைத்து நின்ற மறுசீராய்வு எதுவும் இருக்கவில்லை. 2018இல் உயர்த்தினார்கள், 2019இல் நிறுத்திவைத்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் அசையாமல் கிடந்த வரி ஒரே மூச்சில் ஏறினால் யாருக்கும் மனம் கொதிக்கும். அந்தக் கொதிப்பில் பலர் கேட்டது இது: “என் பிள்ளை மெட்ரிகுலேஷன் பள்ளியில் பணம் கட்டிப் படிக்கிறான். மாநகராட்சிப் பள்ளிக்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?” இதை நான் நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். விடை தேடி நூறாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1920 செப்டம்பர் 16ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது. செலவு பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது. மன்றத்தின் தலைவர் பிட்டி தியாகராயர். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நிற்பதற்கு வறுமைதான் காரணம் என்பது அவர் எடுத்துச் சொன்ன நியாயம். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. ஆனால் 1925 ஏப்ரல் முதல் தேதி அது நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அன்றைய அரசு ஒப்பவில்லை. கல்விக்கென்று வைத்த பணம் கல்விக்கே போகவேண்டும், சோற்றுக்குப் போகக் கூடாது என்ற கணக்கு அது.

இந்தச் சிறு வரலாற்றை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. தடுத்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் முன்னால் இருந்தது கணக்கேடு. மன்ற உறுப்பினர்கள் முன்னால் இருந்ததோ, காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்து பலகையில் உட்கார்ந்திருந்த பிள்ளை. எந்தத் தலைப்பில் செலவு எழுதப்படுகிறது என்பது ஒருவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்பது மற்றவருக்கு. உள்ளூர்ப் பணத்தின் முதல் சிறப்பு இதுதான் என்று நான் நம்புகிறேன். செலவிடுகிறவரின் கண்ணுக்குத் தேவை தெரிகிறது; செலவு சரியாக நடந்ததா என்பதும் அதே தெருவில் தெரிந்துவிடுகிறது.

நின்றுபோனதாலேயே அந்தச் சிற்றுண்டித் திட்டம் வீண் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் எழுந்தபோது ஊர் மக்களின் பங்கு அதில் பெரிது. தானியமும் காய்கறியும் விறகும் ஊரிலிருந்து வந்தன. அன்று கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். நிலம் கொடுத்தவர்கள், கட்டடம் கட்டிக்கொடுத்தவர்கள், பலகையும் கரும்பலகையும் சீருடையும் வாங்கித் தந்தவர்கள் எத்தனையோ பேர். 1982இல் எம்.ஜி.ஆர். அரசு மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஒரு நகரத்தின் வரிப்பணத்தில் ஐந்து பள்ளிகளில் செய்து பார்த்தது இன்று ஒரு மாநிலத்தின் வழக்கமாகியிருக்கிறது.

ஆனால் அந்தப் பாதையில் ஊரின் கை மெல்ல மெல்ல விலகியும் வந்தது. 1981இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். அது அவர்களுக்குக் கிடைத்த நியாயம். உரிய தேதியில் முழுச் சம்பளம், ஓய்வூதியம். நான் அதைக் குறைசொல்லவில்லை. பெயர்ப்பலகையில் மட்டும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி’ என்று இருக்க, சம்பளத்தையும் இடமாற்றத்தையும் தலைநகரம் பார்த்துக்கொள்ள, ஊருக்கு மிஞ்சியது சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, கழிப்பறை. சிறிய செலவுகள். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போன பெண் பிள்ளை நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் நிற்பதும் அந்தச் சிறிய செலவு நடக்காததால்தான். கழிப்பறை கட்ட ஏதோ ஒரு திட்டத்தில் பணம் வந்துவிடும், திறப்பு விழாவும் நடந்துவிடும். தினமும் கழுவுகிறவருக்குக் கொடுக்கும் தொகுப்பூதியம்தான் எப்போதும் சொற்பமாக, எப்போதும் பாக்கியாக நிற்கிறது.

நூலகத்தின் கதையும் அப்படித்தான். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் நம்முடையது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. அதை உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூலான பணம் உரிய காலத்தில் ஒப்படைக்கப்படாமல் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் தேங்குகிறது. வரி கட்டியவர் கட்டிவிட்டார், நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வரவில்லை. இப்படி நடந்தால் அடுத்த முறை வரி உயர்த்தும்போது எந்த முகத்தோடு மக்களிடம் கேட்பது?

இனி, பணம் போட்டால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா என்ற நேரான கேள்வி. இதற்கு ஆராய்ச்சி இருக்கிறது, இரண்டு பக்கமும் இருக்கிறது. இந்தோனேசியாவில் தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரு மடங்காக்கினார்கள். 360 பள்ளிகளில் ஆராய்ந்தபோது ஆசிரியர்களின் மனநிறைவு கூடியிருந்தது. மாணவர்களின் கற்றலில் மாற்றம் தென்படவில்லை. ஆகவே ‘அதிகம் செலவிடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த இன்னொரு ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. கானிமியன், கார்த்திக் முரளிதரன், வால்ட்டர்ஸ் ஆகிய மூவரும் 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுள் பாதியில் முன்பருவக் கல்விக்கென்று ஒரு பகுதிநேரப் பணியாளர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். அதுவரை ஒரே பணியாளர்தான் எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, பாட்டும் கதையும் சொல்வது எல்லாம். இன்னொருவர் வந்ததும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை ஆண்டில் எண்ணறிவும் மொழியறிவும் தெளிவாக உயர்ந்தன. பழைய பணியாளருக்குக் கிடைத்த நேரம் ஊட்டச்சத்துப் பணிக்குப் போனதால், வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பெரிய கட்டடம் எதுவும் எழவில்லை. பிள்ளையின் அருகில் ஓர் ஆள் கூடுதலாக உட்கார்ந்தார். அவ்வளவுதான் செலவு.

அமெரிக்காவில் பள்ளி நிதியில் நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு வளர்ந்த தலைமுறைகளை ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ மூவரும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். பள்ளியின் 12 ஆண்டும் செலவு 10 விழுக்காடு கூடுதலாக இருந்தால், வளர்ந்தபின் ஊதியம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் அதைவிட அதிகம். அங்கே பள்ளிகள் பெரிதும் உள்ளூர்ச் சொத்துவரியை நம்பியவை. பணக்கார ஊருக்கு நல்ல பள்ளி, ஏழை ஊருக்கு இடிந்த பள்ளி என்ற நிலையை உடைக்கத்தான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நமக்கும் அந்தப் பாடம் வேண்டும். தொழிற்சாலைகள் நிறைந்த ஊராட்சிக்கும், வானம் பார்த்த பூமியில் கிடக்கும் ஊராட்சிக்கும் வரி வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பிரிக்கப்படுகிறது. அந்தப் பங்கீட்டில் வறண்ட ஊருக்கு முதலிடம் தராமல், உள்ளூர் வரியை மட்டும் உயர்த்தச் சொல்வது அநீதி என்று இந்த மேடையில் அழுத்தமாகச் சொல்கிறேன்.

‘நான் எதற்குக் கொடுக்க வேண்டும்’ என்று கேட்டவருக்கு இப்போது விடை சொல்லலாம். பெருந்தொற்றுக் காலத்தில் வேலையும் தொழிலும் போன தகப்பன்மார்கள் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளி வாசலுக்கு வந்தார்கள். 2021இல் தனியார் பள்ளிகளிலிருந்து அப்படி மாறி வந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில். அந்தப் பள்ளி அதுவரை இயங்கிக்கொண்டிருந்தது, யாரோ வரி கட்டிக்கொண்டிருந்ததால். நமக்குத் தேவைப்படாத ஆண்டுகளில் நாம் கட்டும் வரிதான், தேவைப்படும் ஆண்டில் நம் பிள்ளைக்கு இடமும் ஆசிரியரும் ஆகிறது.

வரியை உயர்த்தலாம் என்பதே என் முடிவு. ஆனால் இருபது ஆண்டு தூங்கிவிட்டு ஒரே அடியாக ஏற்ற வேண்டாம். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறட்டும். சொத்துவரிச் சீட்டில் கல்வி வரி எவ்வளவு, நூலக வரி எவ்வளவு என்று தனித்தனியே அச்சிட்டு, சென்ற ஆண்டு அந்தப் பணம் எந்தப் பள்ளிக்கு, எந்த நூலகத்துக்குப் போனது என்பதையும் பின்பக்கத்தில் போடட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்களே பெரும்பான்மை. அவர்கள் நிறைவேற்றும் தீர்மானங்கள் வரவுசெலவுத் திட்டம் தயாராகும் முன்பே மன்றத்தின் மேசைக்குப் போகவேண்டும். கிராம சபையில் தெருவிளக்குக் கணக்கு வாசிக்கும்போதே பள்ளிக் கழிப்பறையைக் கழுவுகிறவரின் ஊதியம் எந்த மாதம்வரை கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் வாசிக்க வேண்டும். வரும் ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைக் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.