ஓட்டமா, நடையா?
பருத்த பிள்ளைகளுக்கேற்ற தேகப்பயிற்சி

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பருத்த பிள்ளை என்றால் வீட்டிலே பெருமை, பாடசாலையிலே பரிகாசம். உண்மையில் அது பெருமைக்குரியதுமன்று, பரிகாசத்துக்குரியதுமன்று. கவனித்துப் பரிகாரந் தேடவேண்டிய ஒரு நோய்நிலை. 2022ஆம் ஆண்டில் உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் 16 கோடிக்கு மேற்பட்டோர் மிகைப்பருமன் உடையவர்களாயிருந்தனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கின்றது. நடுவயதினரின் நோய்கள் என்று நாம் எண்ணியிருந்த நீரிழிவும் இரத்த அழுத்தமும் இன்று இப்பிள்ளைகளிடமும் காணப்படுகின்றன.

பருமன் குறையத் தேகப்பயிற்சி வேண்டும் என்பது யாவருமறிந்ததே. ஆனால் அது எவ்வளவு கடுமையாக இருத்தல் வேண்டும்? இங்கேதான் நாம் தவறுகின்றோம். நமது தவறொன்றையே சொல்லுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் மாலை விளையாட்டுக்கு வந்த பருத்த சிறுவன் ஒருவனை, "நீதான் கூட ஓடவேண்டும்" என்று சொல்லி, மைதானத்தை ஐந்து முறை சுற்றி ஓடவிட்டோம். மூன்றாஞ் சுற்றில் மூச்சு வாங்க நின்றுவிட்டான். நின்றவர்கள் சிரித்தார்கள், நாம் தடுக்கவில்லை. மறுநாள் அவன் வரவில்லை. அதன் பின் வரவேயில்லை.

அன்று நாம் அறியாதிருந்ததை ஓர் ஆராய்ச்சி நமக்குக் கற்பித்தது. அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்து ஓகஸ்டா நகர ஆராய்ச்சியாளர்கள், 13 முதல் 16 வயது வரையுள்ள பருத்த பிள்ளைகள் 80 பேரை மூன்று பிரிவாக்கி, 8 மாதம் அவதானித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பிரிவுக்கு வாழ்க்கைமுறை பற்றிய போதனை மட்டும். மற்றைய இரண்டுக்கும் போதனையுடன் கிழமைக்கு 5 நாட் பயிற்சி. ஒன்றுக்கு நடுத்தர வேகம், மற்றதற்குக் கடும் வேகம். ஒரு நாளிற் செலவாக வேண்டிய சக்தி இரண்டுக்கும் ஒன்றே: 250 கலோரி.

கண்டது என்ன? கடும் வேகத்திற் பயின்றோரின் இருதய வலிமை, போதனை மட்டும் பெற்றோருடையதிலும் தெளிவாக உயர்ந்தது. ஆனால், உடற்கொழுப்பைக் குறைப்பதிற் கடும் வேகம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பயிற்சி பெற்ற இரு பிரிவினரையும் சேர்த்துப் பார்த்தபோது, கிழமைக்கு 2 நாளாவது தவறாது வந்தவர்களிடம் கொழுப்பு குறைந்திருந்தது. வயிற்றின் உள்ளே சேரும் தீய கொழுப்பிலும் நல்ல மாற்றம் இருந்தது. வேகம் இருதயத்தை வலுப்படுத்தும். கொழுப்பைக் கரைப்பதோ விடாது வருதல். வராத பிள்ளைக்கு எந்த வேகமும் பயன் தராது.

இன்னொன்று. வேகம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மெலிந்தவனுக்கு உலாவல் போன்ற நடை, தன் பாரத்தையும் சுமந்து செல்லும் பருத்த பிள்ளைக்குக் கடும் உழைப்பாகும். இதனை அறிய யந்திரம் வேண்டியதில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தர வேகம். இரண்டொரு சொல்லுக்குமேற் பேச முடியவில்லை என்றால் கடும் வேகம்.

ஆகவே முதற் சில கிழமைகள் பேசிக்கொண்டு நடக்கட்டும். நீச்சலும் சைக்கிளும் மூட்டுகளுக்குப் பாரந் தராதவை. பழகிய பின், அரை நிமிஷம் விரைவு, இரண்டு நிமிஷம் மெது என்று மாற்றி மாற்றிச் செய்விக்கலாம். நமது கிளித்தட்டு இதற்கு எவ்வளவு பொருத்தமானது! பாய்ந்தோடுகின்றோம், நின்று பார்க்கின்றோம், மீண்டும் பாய்கின்றோம். நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷ உழைப்பும், கிழமைக்கு 3 நாளாவது கடும் உழைப்பும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வகுத்த நெறி. அது போய்ச் சேரவேண்டிய இடம். முதல் நாளே நிற்கவேண்டிய இடமன்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அரை லீற்றர் சீனிச் சோடாவில் ஏறக்குறைய 200 கலோரி உண்டு. மைதானத்திற் செலவிட்டது வாசற்கடையில் திரும்பி வந்துவிடும். பருத்த பிள்ளை இடுப்பிலோ முழங்காலிலோ நோவென்று நொண்டினால், சோம்பல் என்று ஏசாதீர்கள். இடுப்பு மூட்டின் எலும்பு வழுகியிருக்கக்கூடும். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைக்கும் வைத்தியரின் ஆலோசனை பெற்றே பயிற்சியைத் தொடங்குங்கள்.

இளைஞர்களே! இனி நமது மைதானத்துக்கு அப்படி ஒரு பிள்ளை வந்தால், ஐந்து சுற்று ஓடச் சொல்லவேண்டாம். உங்களில் ஒருவர் அவனோடு சேர்ந்து ஒரு சுற்று நடவுங்கள். அவன் மறுநாளும் வருவானாயின் சிகிச்சை தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். அன்று போனவனை நாம் மீட்க இயலவில்லை. இனி வருபவனையாவது இழவாதிருப்போமாக.