கைப்பிடிச் சொடுக்கி: பழுதறிதலும் மாற்றுதலும்

(வண்டி பழுதுபார்க்கும் தொழில் பயிலும் இளைஞரிடையே ஆற்றிய உரை)



தமிழாசிரியன் ஒருவனை மேடையேற்றினால் அவன் யாப்பையும் அணியையும் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நானோ இன்று உந்துருளியின் கைப்பிடித் தண்டில் அமைந்த சிறு சொடுக்கியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நீங்கள் 'ஆண்டில்பார் சுவிட்சு' என்று வழங்குகின்றீர்களே, அதைத்தான் சொல்கின்றேன்.

இச்சிறு பொருளைப் பற்றி ஓர் உரை வேண்டுமோ என்று எண்ணாதீர்கள். விளக்கில்லாத சாலையில் இரவில் ஒருவன் உந்துருளியில் வருகின்றான். எதிரே சரக்குந்து வருகின்றது. ஒளியைத் தாழ்த்தக் கட்டைவிரலால் சொடுக்கியைத் தள்ளுகின்றான். உயரொளி அணைகின்றது, தாழொளியோ எரியவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். இரண்டு நொடி இருட்டில் அவன் கடக்கும் தொலைவை எண்ணிப் பாருங்கள்! நெல்மணி அளவேயுள்ள ஒரு பித்தளைத் துண்டில் ஓர் உயிர் தொங்கிக் கொண்டிருக்கின்றது.

இன்னொரு செய்தியும் உண்டு. விளக்கு எரியவில்லை என்று வண்டியைக் கொண்டுவந்தவுடன், ஆராயாமலே "சொடுக்கி போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்று சொல்லிவிடுகின்ற பழக்கம் பல பட்டறைகளில் வேரூன்றியுள்ளது. ஏழையின் ஒருநாட் கூலி அதிற் போகின்றது. பத்து நாள் கழித்துப் பழைய பழுதே திரும்பி வருகின்றது. பொருளும் போய், கம்மியர்மீது கொண்ட நம்பிக்கையும் போகின்றது. ஆகவே, மாற்றுவதற்கு முன் பழுதை அறிக. பழுதை நீக்குமுன் அதன் கரணியத்தை அறிக. இன்று நான் சொல்லவந்தது இவ்வளவே. மற்றவை இதன் விரிவு.

முதலிற் சொடுக்கியின் அமைப்பைப் பார்ப்போம். பெரும்பாலான வண்டிகளில் இடக்கைப் பக்கம் உயரொளி தாழொளி மாற்றியும், திரும்புகுறிச் சொடுக்கியும், ஒலிப்பான் அழுத்தியும் இருக்கும். வலக்கைப் பக்கம் பொறியைத் தொடங்கும் அழுத்தியும், பல வண்டிகளிற் பொறி நிறுத்தியும் இருக்கும். பழைய வண்டிகளில் முகப்பு விளக்கை ஏற்றவும் அணைக்கவும் ஒரு சொடுக்கி உண்டு. 2017 ஏப்பிரல் 1 முதல் இந்தியாவிற் செய்யப்படும் இருசக்கர உந்துகளில், பொறி ஓடும்பொழுது முகப்பு விளக்குத் தானே எரியவேண்டும் என்பது விதி. ஆதலால் அவ்வண்டிகளில் அந்தச் சொடுக்கி இராது; ஒளியை உயர்த்தித் தாழ்த்தும் மாற்றி மட்டும் இருக்கும். இல்லாத சொடுக்கியைத் தேடிக் காலம் கழிக்க வேண்டா.

கூட்டினுள்ளே நடப்பது யாது? அசையாத மாழைத் தகடு ஒன்று; அசையும் தகடு ஒன்று; அதனை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில் ஒன்று. அசையாத தகட்டை நிலைமொழி என்றும், அசைந்து வரும் தகட்டை வருமொழி என்றும் கொள்ளுங்கள். இரண்டும் செவ்வனே புணர்ந்தால் மின்னோட்டம் செல்லும், பிரிந்தால் நிற்கும். புணர்ச்சியில் வரும் திரிபுகளைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக நன்னூலார் வகுத்தார். சொடுக்கியின் பழுதுகளும் இம்மூன்றனுள் அடங்கக் காணலாம்.

தோன்றலாவது, இருக்கக்கூடாத ஒன்று இடையில் தோன்றுவது. மழைநீரும், விசையோடு பீய்ச்சிக் கழுவும் நீரும் கூட்டினுள் புகுந்து, செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பை உண்டாக்கும். செம்பிற் களிம்பை உயிரைப் பற்றிய ஆணவத்திற்கு உவமையாகச் சொன்னவர் நம் சைவ மெய்ப்பொருளறிஞர். இங்கே அக்களிம்பு விளக்கின் ஒளியை மறைக்கின்றது. திரிதலாவது, இருந்த உறுப்பே வேறுபடுவது. தகடு தேய்ந்து கருகுதல், சுருள்வில் தளர்தல், நெகிழி உருகி இளகுதல் ஆகியன இவ்வகை. கெடுதலாவது, இருந்தது இல்லாமற் போவது. கம்பி அறுதலும், பற்றாசு விடுபடுதலும் இதன்பாற்படும். தோன்றியதைத் துடைத்தால் தீரும். கெட்டதை இணைத்தால் தீரும். திரிந்ததற்குத்தான் பெரும்பாலும் புதுச் சொடுக்கி வேண்டும். மூன்றில் எதுவென்று அறியாமலே விலை கொடுத்து வாங்குவது அறியாமையன்றோ?

இனிப் பழுதறியும் வரிசை. திருப்புளியைக் கையில் எடுக்குமுன் கண்ணையும் காதையும் பயன்படுத்துக. விளக்கு, ஒலிப்பான், திரும்புகுறி எல்லாம் ஒருங்கே செயலற்றிருந்தால் சொடுக்கியைக் குறை கூறாதீர்கள். மின்கலம், உருகி, திறவுப் பூட்டு ஆகிய பொதுவழியிலேதான் பழுது இருக்கும். 12 வோல்ட்டு ஈய மின்கலம் நிறைவாக மின்னேறி ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட்டளவு காட்டும். 12-க்குக் கீழிருந்தால் அதனை முதலிற் கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்துத் திரும்புகுறி மட்டும் மிக விரைந்து மினுக்கினால், பெரும்பாலும் அப்பக்கத்துக் குமிழ் ஒன்று அணைந்திருக்கும். உயரொளி எரிந்து தாழொளி எரியாவிடின், குமிழின் இரண்டு இழைகளில் ஒன்று அறுந்திருக்கலாம். முதலிற் குமிழைக் கழற்றிப் பாருங்கள்.

அடுத்து, கைப்பிடித் தண்டை இடமும் வலமும் முழுதும் திருப்பிப் பாருங்கள். திருப்புந்தோறும் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், வண்டியின் கழுத்துப் பகுதியில் கம்பி உள்ளே அறுந்துள்ளது என்று ஐயுறலாம். மேலுறை நன்றாகவே இருக்கும். உள்ளே செப்பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்திருக்கும். இங்குச் சொடுக்கியைப் பழிப்பது முறையாகாது.

இவ்விரண்டிலும் பழுது புலப்படவில்லையாயின் மின்னளவியை எடுங்கள். சொடுக்கியின் கம்பிகள் வந்து சேரும் இணைப்பி பல வண்டிகளில் முகப்பு விளக்குக் கூட்டினுள் இருக்கும். 'கப்ளர்' என்று நீங்கள் அழைப்பது அதுவே. அதன் ஊசிகளிலும் களிம்பு ஏறும். ஆதலால் முதலிற் பிரித்துப் பார்த்து மீண்டும் பொருத்துங்கள். பின்னர்த் திறவைத் திருப்பிச் சொடுக்கிக்குள் நுழையும் கம்பியில் மின்னழுத்தம் உண்டா என்று பாருங்கள். இல்லையெனின் பழுது சொடுக்கிக்கு முன்னே உள்ளது. நுழைவது உண்டு, வெளிவருவது இல்லையெனின் பழுது சொடுக்கியினுள்ளே. இரண்டும் உண்டெனின் பழுது அதற்கு அப்பால். ஆற்றில் நீர் எங்கே நின்றதென்று மேலிருந்து கீழாகப் பார்த்து வருவது போன்றதே இம்முறை.

சில சிறிய வண்டிகளில் முகப்பு விளக்கிற்கு மின்கலத்திலிருந்து மின் வருவதில்லை. பொறியோடு சுழலும் மின்னாக்கியிலிருந்து மாறுமின்னாக நேரே வரும். அவற்றைப் பொறியை ஓடவிட்டே, மின்னளவியை மாறுமின் நிலையில் வைத்தே அளக்க வேண்டும். ஒலிப்பானிலும் இருவகை உண்டு. சில வண்டிகளில் அழுத்தி நேர்மின்னை ஒலிப்பானுக்கு விடும். சிலவற்றில் ஒலிப்பானை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும். எவ்வகையாயினும் அழுத்தியின் இரு கம்பிகளையும் ஒரு துண்டுக் கம்பியால் நொடிப்பொழுது இணைத்துப் பாருங்கள். ஒலித்தால் பழுது அழுத்தியில். ஒலிக்காவிடின் ஒலிப்பானிலோ அதன் கம்பியிலோ உள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை. திறவை அணைத்து, இணைப்பியைப் பிரித்து, மின்னளவியை வைத்தவுடன் 'பீப்' என்று ஒலித்தால் தொடர்பு நன்றாயிருக்கின்றது என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். அது போதாது. இருபது இழைகளில் ஓரிழை எஞ்சியிருந்தாலும் மின்னளவியின் சிற்றோட்டம் அதன்வழிச் சென்றுவிடும். விளக்கிற்கு வேண்டிய பேரோட்டம் செல்லாது. ஒற்றையடிப் பாதையில் ஆள் நடக்கலாம், தேர் செல்லுமோ? ஆதலால் விளக்கை எரியவிட்டு, மின்னளவியின் ஒரு முனையை நுழைகம்பியிலும் மறுமுனையைச் சொடுக்கியை விட்டு வெளிவரும் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். நல்ல சொடுக்கியாயின் அளவு சுழியை ஒட்டி நிற்கும். அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் உள்ளே தடை இருக்கின்றது. 12 வோல்ட்டில் பத்திலொரு பங்கு குறைந்தாலே இழைவிளக்கின் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குன்றிவிடும். விளக்கு எரிகின்றது, ஆனால் வழி தெரியவில்லை என்று முதியோர் குறைபட்டால் அவர்தம் கண்ணை மட்டும் ஐயுறாதீர்கள்.

பழுது சொடுக்கியினுள்ளே என்று உறுதியாயிற்றா? உடனே எறிந்துவிட வேண்டா. மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றுங்கள். கூட்டின் திருகாணிகளைக் கழற்றி, கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு திறவுங்கள். உள்ளே சிறு சுருள்வில்லும், சிலவற்றிற் கடுகனைய எஃகுக் குண்டும் இருக்கும். துள்ளிக் குதித்தால் பட்டறை முழுதும் தேடவேண்டி வரும். கைப்பேசியால் ஒவ்வொரு நிலையிலும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தொடுமுனைகளைத் தூய்மை செய்வதற்கென விற்கும் நீர்மத்தால் களிம்பைக் கரைத்துத் துடையுங்கள். கன்னெய் ஊற்றிக் கழுவ வேண்டா. அது தீப்பற்றும், சிலவகை நெகிழியையும் கெடுக்கும். முரட்டு உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டா. தகட்டில் விழும் கீறல்கள் அடுத்த களிம்பிற்கு வித்தாகும். மாணவர் கரிக்கோலெழுத்தை அழிக்கும் அழிப்பானே போதும். பின்னர் மின்தொடுமுனைக்குரிய மசகை மெல்லிதாகப் பூசி மூடுங்கள்.

தகடு கருகி, நெகிழி இளகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். புதியதை வாங்குகையில் வண்டியின் வகையும் செய்த ஆண்டும் சொல்லி வாங்குக. இணைப்பியின் வடிவம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. கம்பி நிறத்தையும் நம்பிவிடாதீர்கள். ஒரு குழுமத்தார் ஒலிப்பானுக்கு வைத்த நிறத்தை இன்னொருவர் விளக்கிற்கு வைத்திருப்பர். ஒவ்வொரு நிலையிலும் எக்கம்பி எதனோடு சேர்கின்றது என்று மின்னளவியால் பார்த்த பின்னரே பொருத்துக. பழைய கம்பியின் நுனியில் ஒரு நூலைக் கட்டி உருவினால், நூல் அவ்வழியே தங்கும். புதுக் கம்பியை அந்நூலிற் கட்டி இழுத்தால் பழைய தடத்திலேயே சென்று சேரும். கூட்டினுள் ஒரு சிறு முளை இருந்தால் அது தண்டிலுள்ள துளையிற் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்று முளையை அராவிவிட்டால் கூடு சுழலத் தொடங்கும். கம்பிகளை முறுக்கி நாடாச் சுற்றுவது இணைப்பாகாது. பற்றாசு வைத்து உறையிடுங்கள்.

முடிந்தபின் தண்டை இருபுறமும் முழுதும் திருப்பிப் பாருங்கள். கம்பி எங்கும் இழுபடலாகாது. வலப்பக்கக் கூட்டைக் கழற்றியிருந்தால், முறுக்குப் பிடியை விட்டவுடன் அது தானே திரும்புகின்றதா, தண்டைத் திருப்புகையில் பொறியின் விரைவு கூடாமலிருக்கின்றதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பொறி நிறுத்தி, ஒலிப்பான், இருவகை ஒளி, இருபக்கத் திரும்புகுறி, தடுப்பு விளக்கு ஆகிய அனைத்தையும் இயக்கிப் பார்க்குமுன் வண்டியை உரியவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

இறுதியாகக் கரணியம். 60 வாட்டுக் குமிழுக்கென அமைந்த வழியில் 100 வாட்டுக் குமிழைப் போடுகின்றனர். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் செல்லவேண்டிய இடத்தில் 8.3 ஆம்பியர் செல்கின்றது. வெம்மை ஓட்டத்தின் இருமடிக்கேற்ப உயருமாதலால், தொடுமுனையின் வெம்மை ஏறத்தாழ மூன்று மடங்காகின்றது. நெகிழி உருகாமல் என்செய்யும்? அக்குமிழை அப்படியே விட்டுப் புதுச் சொடுக்கியைப் பொருத்துவது, ஓட்டைக் குடத்தைக் கவனியாது மீண்டும் மீண்டும் நீர் இறைப்பதாகும். உருகி அறுந்தால் தடித்த கம்பியைச் செருகுவதோ, வண்டிக்கே தீ மூட்டுவதாகும்.

தோழர்களே! சென்னையில் உந்துருளி செய்யும் குழுமம் 1955-இல் அமைந்தது. அன்று தொட்டு இத்தனை ஆண்டுகளாக நம் கைகள் இவ்வண்டிகளை ஆக்கியும் பழுதுபார்த்தும் வருகின்றன. ஆனால் உறுப்புகளின் பெயரோ பொருள் விளங்கா ஒலிகளாகவே நம் நாவில் நிற்கின்றது. 'டிப்பர்' என்று கேட்ட சிறுவனுக்கு அஃது ஒரு பொருளின் பெயர் மட்டுமே. ஒளிமாற்றி என்று கேட்டவனுக்கு அது செய்யும் தொழிலும் விளங்கிவிடும். தொழில் விளங்கினால், தொழில் கெட்ட இடமும் விளங்கும். திருப்புளி, திருகாணி, குறடு, பற்றாசு என்று நம் முன்னோர் பெயரிட்ட கருவிகளை எவரும் நமக்கு விளக்க வேண்டியதில்லையே! உங்களிடம் கைவேலை பயிலவரும் சிறுவனுக்குக் கம்பியின் நிறத்தை மட்டும் கற்பிக்காதீர்கள். அதன் வழியையும் கற்பியுங்கள், விளங்கும் சொல்லாற் கற்பியுங்கள். அவன் கையாற் செப்பமுற்ற விளக்கின் ஒளியில் யாரோ ஒருவர் இரவில் நலமாக வீடு சேர்வார். அவர் உங்களை அறியார். ஆயினும் அதுவே உங்கள் தொழிலின் சிறப்பு.