சிவப்புக் கொடிக்கு யார் கூலி கொடுப்பது?



ராத்திரி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். விடியுமுன் வேனில் நெருக்கியடித்துக் கொண்டு நடவுக்குப் போகிற தாய்மார்களும் இருக்கிறீர்கள். நாலுவழிச் சாலையைத் தாண்டாமல் நம்மில் யாருக்கும் பிழைப்பு இல்லை. ஆகவே அந்தச் சாலையின் கணக்கு ஒன்றை இன்று பேசுவோம்.

நடுராத்திரியில் ஒரு லாரி அச்சு முறிந்து நிற்கிறது. கிளீனர் என்ன செய்கிறார்? ஓரத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்துப் பின்னால் போடுகிறார். நாலு கல்லை உருட்டி வைக்கிறார். அவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அவர் கையில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் பாய்கிறது. கண் பார்த்து, கால் பிரேக்கில் பதிய இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஐம்பது மீட்டர் போய்விட்டது! பத்தடி தள்ளிக் கிடக்கும் கிளையால் என்ன பயன்?

இதைத் தடுக்கச் செலவு பிடிக்கும். ரோந்து வண்டி வேண்டும், கிரேன் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், 1033 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் எடுத்துப் பேச ஆள் வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் இதற்கெல்லாம் ஏற்பாடு உண்டு என்கிறார்கள். இருக்கட்டும். பணம் யாருடையது? சுங்கச் சாவடியில் லாரி கட்டுவது அரிசி பருப்பு விலையில் ஏறி நம் வீட்டுக்கு வந்து சேருகிறது. கிரேனுக்கு நாம் முன்பணம் கட்டியாயிற்று!

சாலை வேலை நடக்கும் இடத்தின் கதை இதைவிட மோசம். மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வேலைக்கான விதிப் புத்தகம் வைத்திருக்கிறது. தடுப்பு, பலகை, விளக்கு, கொடி காட்டும் ஆள் எல்லாவற்றையும் காண்டிராக்டர் வைத்தாக வேண்டும் என்கிறது அது. நல்லது. ஆனால் இதற்குத் தனி ரேட் உண்டா? வேலையோடு சேர்ந்த உபகாரியம், காண்டிராக்டர் பொறுப்பு என்று சொல்லி நகர்ந்து விடுகிறது. தாருக்கு அளவு உண்டு, ஜல்லிக்கு அளவு உண்டு, இரண்டுக்கும் பில் உண்டு. விளக்குக்குப் பில் இல்லை. குறைந்த தொகைக்கு டெண்டர் போட்டவருக்கே வேலை. அப்புறம் அவர் எதில் மிச்சம் பிடிப்பார்? பில் போட முடியாததில்தான்! வரிசையாகக் கூம்பு நிற்க வேண்டிய இடத்தில் நாலைந்து நிற்கும். விளக்குக்குப் பதில் மணல் மூட்டை கிடக்கும். கொடிக்குத் தனி ஆள் கிடையாது. ஜல்லி சுமக்கும் பெண்ணின் கையிலேயே அதையும் கொடுத்து விடுவார்கள்.

நடுத்திட்டில் அரளிச் செடிக்குத் தண்ணீர் விடும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் லாரி வேகப் பாதையிலேயே நகர்கிறது. மினுங்கும் சட்டை கொடுத்திருக்கிறார்கள், சரி. சட்டை லாரியை நிறுத்துமா? பின்னால் வெகுதூரத்திலிருந்தே தெரியும்படி விளக்குப் பலகையோடு இன்னொரு வண்டி வர வேண்டும். அதற்கு டீசலும் டிரைவர் கூலியும் ஆகும். அந்தக் கூலியை மிச்சம் பிடித்தால், தண்ணீர் விடுகிற பெண்ணே தடுப்புச் சுவர்.

2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். எல்லோரும் வேலை நடக்கும் இடத்தில் செத்தவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு விளக்கின் வாடகையையும் ஒரு கால் போன தொழிலாளியின் குடும்பச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு சர்க்கார் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தன் செலவில் தரும் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் ஆறு மாதம் படுத்திருப்பவரின் கூலி? அது அந்தத் திட்டத்தில் இல்லை.

சட்டம் இல்லையா என்பீர்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சாலைப் பாதுகாப்பு விதியை மீறி உயிர் போனாலோ ஊனம் நேர்ந்தாலோ, பொறுப்பான அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் அபராதம் ஒரு லட்ச ரூபாய் வரை. "வரை" என்பதைக் கவனியுங்கள்! கோடிக்கணக்கில் வேலை எடுத்தவருக்கு இது ஒரு நாள் தார்ச் செலவு கூட ஆகுமா?

ஆகவே நாம் கேட்பது இது. விளக்குக்கும் கொடிக்காரருக்கும் டெண்டரிலேயே தனி ரேட் போடு. வைத்த நாளுக்குப் பணம் கொடு, வைக்காத நாளுக்குப் பிடித்தம் செய். கொடி பிடிப்பவருக்கு வேறு வேலை கொடுக்காதே. சாலை வேலைக்குப் போகும் தோழர்கள் தங்கள் சங்கத்தில் இதை எழுதிக் கொடுங்கள். மற்றவர்கள், வழியில் லாரி நின்றிருந்தால் 1033-க்குச் சொல்லுங்கள். அது கிளம்பும்போது, உருட்டி வைத்த கல்லையும் ஓரத்தில் தள்ளச் சொல்லுங்கள். மறுநாள் இருட்டில் அதில் மோதப் போவது நம் சைக்கிள்தான்.