நூலகக் கணிப்பொறி தமிழ் பேசுக!

(இரும்புலியூர்த் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இரும்புலியூரில் நின்று நூலகத்தைப் பற்றிப் பேசப் புகுவார், முதற்கண் பல்லாவரத்தை நினைத்தல் வேண்டும். தாம்பரத்திலிருந்து வடக்கே மூன்றாம் தொடர்வண்டி நிலையம் அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியப் பணியினின்று 1911இல் விலகி, அவ்வூரில் வந்தமர்ந்த மறைமலையடிகள், வாழ்நாளெல்லாம் நூல் தொகுத்தார். 1950இல் அவர் மறைந்தபின், அவர் எழுதிவைத்த விருப்ப முறியின்படி அந்நூல்கள் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியவாயின. 1958இல் சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் எழுந்தது. தனித்தமிழ்த் தந்தை தமிழர்க்கு விட்டுச்சென்ற உடைமை பொன்னன்று, மனையன்று, நூலகமே!

அறிவு பொதுவுடைமை என்னும் அக் கொள்கைக்குச் சட்ட வடிவம் 1948இலேயே கிடைத்துவிட்டது. அன்றைய சென்னை மாநிலப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப்பின் இந்தியாவில் எழுந்த முதல் நூலகச் சட்டமாகும். நூலக அறிஞர் அரங்கநாதனாரின் நெடுநாள் உழைப்பு அதற்கு அடிப்படை. அச் சட்டத்தின் உயிர்நிலை நூலக வரி. வீட்டுவரி செலுத்துவோர் ஒவ்வொருவரும் அதனோடு நூற்றுக்குப் பத்து விழுக்காடு நூலகத்துக்கும் செலுத்துகின்றனர். மாடிவீட்டாரும் செலுத்துகின்றனர், ஓட்டுவீட்டாரும் செலுத்துகின்றனர். ஆகவே, நூலகத்துள் வைக்கப்பெறும் கணிப்பொறியும் இணைய இணைப்பும் எவரும் இரங்கி இட்ட கொடையல்ல. மக்கள் காசில் வாங்கிய மக்கள் பொருள்!

நூலகத்துக்கு நூல் போதாதா, கணிப்பொறி எதற்கு என்று வினவுவார் உளர். அரசுப் பணித் தேர்வாணையத்திற்கு இன்று விண்ணப்பம் இணையவழியே செல்லுதல் வேண்டும். பொறியியற் கல்லூரிச் சேர்க்கையும் இணையவழியே. புதிய குடும்ப அட்டைக்கும் இணையவழியே விண்ணப்பிக்கின்றனர். கைப்பேசி உள்ளதே என்பார்க்கு ஒரு சொல்: கையகலத் திரையில் நீண்ட படிவத்தை நிரப்பிச் சான்றிதழ்ப் படிகளை இணைத்துப் பார்த்தவர்க்கே அதன் இடர்ப்பாடு விளங்கும். கடைக்குச் சென்றாலோ படிவந்தோறும் காசு. வேலை தேடும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, வேலை கிட்டுமுன்னரே செலவு! ஊர் நூலகத்து மேசைமேல் ஒரு பொறி இருப்பின் அச் செலவு மிஞ்சும்.

ஆயின், பொறி வந்துவிட்டால் போதுமா? திரையில் ஆங்கிலமே நின்று, விசைகளில் ஆங்கிலமே பொறிக்கப்பட்டிருப்பின், தமிழ் மட்டுமே அறிந்த தாய் அதன்முன் என் செய்வாள்? தான் வரி கொடுத்த நூலகத்திலேயே பிறர் துணையை நாடி நிற்பாள். பூட்டிய கதவுக்கும் புரியாத திரைக்கும் வேறுபாடு என்ன?

தமிழ் கணிப்பொறிக்கு ஏலாது என்பது பழங்கதை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. அதன் அமைப்பைக் காண்மின்! உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. ஆக 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கும். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி' பிறக்கும். ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே ஏறும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வரினும் அவ்வாறே. இனவெழுத்து இலக்கணத்தைப் பொறியே அறிந்து வைத்துள்ளது! பள்ளியில் நெடுங்கணக்குக் கற்ற சிறுவன் சில நாள் பயிற்சியில் இதைக் கைக்கொள்வான். ஒருவர் எழுதிய தமிழ் மற்றொருவர் பொறியில் வெறுங்கோடுகளாய்ச் சிதைந்த இடரும் குறைந்துவிட்டது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. கருவி உண்டு, ஆணை உண்டு. கேட்போர் இல்லாமையே குறை!

படிப்பதற்கு என்ன உண்டு என்பார்க்கும் விடை உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் பரவிய தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்ட இலக்கியங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகத்தில் அரிய பழநூல்களும், நாட்டுடைமையான நூல்களும், இதழ்களும் உள்ளன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீ தின்றது. ஓரிடத்தில் ஒரே படியாய் இருந்த ஏடு எரிந்தால் எரிந்ததே! அந்த நெருப்பை மறவாத ஈழத்தமிழர், 2005 முதல் 'நூலகம்' என்னும் இணையத் தொகுப்பில் தம் நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கிச் சேர்த்து வருகின்றனர். இச் செல்வமெல்லாம் இரும்புலியூர்ப் பிள்ளையின் விரல்நுனியில் நிற்க, அவனுக்கு வழிகாட்டும் திரை தமிழில் இல்லையேல் எவர்க்கு இழப்பு?

செய்யவேண்டுவன நான்கே. நூலகக் கணிப்பொறி ஒவ்வொன்றிலும் தமிழ் 99 விசைப்பலகை அமைதல் வேண்டும். பொறியைத் திறந்தவுடன் தமிழ் முகப்பும், மேற்சொன்ன மின்னூலகங்களுக்கு வழியும் தோன்றுதல் வேண்டும். நூற்பட்டியலைத் தமிழெழுத்தில் தேடுமாறு செய்தல் வேண்டும். நூலகர்க்கு உரிய பயிற்சி அளித்தல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை.

மேடையில் மட்டும் தமிழ் வாழ்க என முழங்குவோர், நாளைக் காலை அருகிலுள்ள கிளை நூலகத்துக்குச் செல்லுக! கணிப்பொறி இருப்பின் அதில் தமிழைக் கேட்க. இல்லையேல் கணிப்பொறியைக் கேட்க. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதுக. ஒருவர் எழுதின் அது மடல். ஊரே எழுதின் அது உரிமைக்குரல்!

மறைமலையடிகள் தம் நூல்களை மக்களுக்கு விட்டுச்சென்றார். அவற்றைத் திறக்கும் திறவுகோல் மக்கள் மொழியிலேயே இருத்தல் வேண்டும்.

வெல்க தமிழ்!