‘சும்மா விசாரணைதான்’

(மல்லசமுத்திரத்தில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் வக்கீல் இல்லை, முனைவர் பட்ட ஆய்வு மாணவன். வழக்கு ஆவணங்களைப் படிப்பது என் வேலை. அந்த வேலைக்கு நான் வந்த காரணம் இந்தப் பக்கத்தில், என் பெரியம்மா வீட்டில் இருக்கிறது.

2013இல் பெரியம்மா மகனுக்கு 19 வயது. ரிக் வண்டியில் ஆறு மாதம் வடக்கே வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். கையில் கொஞ்சம் காசு, ஒரு புதுச் செல்போன். அந்த வாரம் ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் காப்பர் ஒயர் காணாமல் போனது. சேரிப் பையன் கையில் காசு இருந்தால் வேறென்ன சாட்சி வேண்டும்? இரவு பத்து மணிக்கு சாதாரண உடையில் இரண்டு பேர் வந்தார்கள். “ஒண்ணுமில்லம்மா, சும்மா விசாரணைதான். காலைல வந்துருவான்.”

மூன்றாம் நாள் மாலை வந்தான். பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரண்டு வெள்ளைத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தான். வழக்கு இல்லை, கைது இல்லை. எந்தப் பதிவேட்டிலும் அந்த இரண்டு இரவுகள் இல்லை.

இந்த ‘சும்மா விசாரணை’ சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று பிறகு தேடினேன். எங்கேயும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பெயர் வாயில் நுழையாது, பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனால் நான் சொல்லப்போவது பெரும்பாலும் பழைய சட்டத்திலும் இருந்ததுதான். ஒருவரைச் சாட்சியாக அழைக்க 179ஆம் பிரிவின்படி எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும். பெண்களையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும், 15 வயதுக்குட்பட்ட பையன்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். சந்தேகப்படும் ஆளைக் கைது செய்யத் தேவையில்லை என்றால் 35(3)இன்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரணத் திருட்டு அதற்குள் வரும். கைதுதான் என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும்.

சாட்சி, நோட்டீஸ், கைது. எதுவானாலும் அதற்கு ஒரு காகிதம் உண்டு. என் தம்பி காகிதமே இல்லாத ஓர் இடத்தில் இரண்டு இரவு இருந்தான்.

2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரும் அதே இடத்தில்தான் இருந்தார். நகை காணோம் என்று ஒரு புகார். வழக்குப் பதிவதற்கு முன்பே தனிப்படை போலீசார் அவரைக் கூட்டிப்போய் அடித்தார்கள். உடற்கூராய்வில் 40க்கும் மேற்பட்ட காயங்கள்.

அந்த வெள்ளைத் தாளுக்கு வருகிறேன். விசாரணையில் சொல்வதைப் போலீசார் எழுதிக்கொள்ளலாம், ஆனால் சொன்னவரிடம் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 181ஆம் பிரிவு. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் நீதிமன்றத்தில் செல்லாது. பிறகு எதற்குத் தாள்? ‘நான் சொன்ன இடத்தில் பொருள் கிடைத்தது’ என்று எழுதிக்கொண்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

‘வன்கொடுமை வழக்கில் கைது செய் என்று போராடும் நாம், குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை பேசலாமா?’ என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு. ஆனால் வக்கீலையோ 24 மணி நேர விதியையோ அது யாருக்கும் மறுக்கவில்லை.

பக்கத்தில் திருச்செங்கோட்டையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூன் 23 அன்று மலைக்கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கடத்திக் கொன்ற வழக்கில் யுவராஜ் மூன்று மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தார். ஒயர் திருட்டுச் சந்தேகத்துக்கு என் தம்பியைத் தேடி வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிறகு அவருக்கு வக்கீல், குறுக்கு விசாரணை, மேல்முறையீடு எல்லாம் கிடைத்தது. கிடைக்கத்தான் வேண்டும். முக்கிய சாட்சியே பிறழ்ந்த அந்த வழக்கில் 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எல்லா உரிமையும் கொடுத்து நடந்த விசாரணை என்பதால்தான் அந்தத் தீர்ப்பை அசைக்க முடியவில்லை. அவருக்குக் கிடைத்தது என் தம்பிக்கும் வேண்டும் என்கிறேன்.

‘நோட்டீஸ் கேட்டா அடிக்க மாட்டாங்களா?’ என்று இப்போது முன்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். அடிப்பார்கள். அதனால் கேட்கிறவர், கூட்டிப்போகப்படுகிறவராக இருக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டும்: எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு, உங்கள் பெயர் என்ன? வண்டி எண்ணை எழுதுங்கள். இரண்டு பேர் பைக்கில் பின்னாலேயே போங்கள். 112க்கு அழைத்து இன்னாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று சொல்லுங்கள்; அந்த அழைப்பும் நேரமும் பதிவாகும். இலவச சட்ட உதவிக்கு 15100.

அன்றிரவு பெரியம்மா அந்த ஜீப்புக்குப் பின்னால் நடந்தே போனார். ஸ்டேஷன் வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். யாரை அழைப்பதென்று அவருக்குத் தெரியாது. அவரிடம் செல்போனும் இல்லை. உங்கள் எல்லார் கையிலும் இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்.